பாதோங் கடற்கரையில் முதல் முறையா? கடை, சாப்பாடு, இரவு உலாவுக்கு ஒரு வழிகாட்டி

போன ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் தாய்லாந்தின் புக்கெட் தீவில் உள்ள பாதோங்கில் ஐந்து நாள் தங்கினோம். அம்மா, அக்கா, மாமா, என் மனைவி, பத்து வயது மகள், நான். அம்மா சுத்த சைவம். மற்றவர்கள் மீன் என்றால் விடமாட்டார்கள். முதல் இரண்டு நாளிலேயே கையில் வைத்திருந்த காசில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. மூன்றாம் நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. பெரும்பாலான இடங்களில் விலை பலகையிலேயே எழுதி இருந்தது. அந்த விலை எதற்கு என்றுதான் நாங்கள் கேட்கவில்லை. நூறு கிராமுக்கா, கிலோவுக்கா? ஆளுக்கா, வண்டிக்கா? வரி சேர்த்தா, சேர்க்காமலா? அதைக் கேட்கத் தொடங்கிய பிறகு மீதி நாள்கள் நிம்மதியாகப் போயின. நீங்கள் முதல் நாளிலிருந்தே கேளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே வரும் விலைகள் நாங்கள் கொடுத்தவை அல்லது கேட்டுத் தெரிந்துகொண்டவை. சீசனுக்குச் சீசன் கொஞ்சம் மாறும்.

1. கிளம்பும் முன்: தாள்கள்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போக வர டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டையும் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். விசா விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இதற்குக் கட்டணமே கிடையாது. தேடினால் காசு கேட்கும் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். தாய்லாந்து குடிவரவுத் துறையின் தள முகவரி "ஜிஓ டாட் டிஎச்" என்று முடியும், அதை மட்டும் திறங்கள். ஆளுக்கு ஒரு அட்டை, குழந்தைக்கும் தனி. வந்த கியூஆர் குறியை அச்செடுத்து வையுங்கள். அம்மாவின் போனைத் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள்.

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. அப்போது ஓட்டல் வாடகை குறையும், ஆனால் கடல் முரடாக இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள்.

2. பணம்: ரூபாயாகக் கொண்டு போகாதீர்கள்

ரூபாயை மாற்ற முடியும், ஆனால் கிடைக்கும் விகிதம் மோசம். மாமா கொண்டுவந்த ரூபாய்க் கட்டில் அவருக்கு நல்ல நஷ்டம். 100 டாலர் தாள்களாகக் கொண்டு போங்கள். மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாத புதுத் தாளாக இருக்க வேண்டும். 20 டாலர் தாளுக்குக் குறைவான விகிதம் தருவார்கள், பலகையில் அதைத் தனி வரியாகவே எழுதியிருப்பார்கள். விமான நிலையத்துக்குள் வண்டிக்கூலிக்கு வேண்டிய அளவு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை பாதோங் தெருவில் இரண்டு மூன்று மாற்றுக் கூடங்களின் பலகையை ஒப்பிட்டு மாற்றுங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் குறைந்தது 220 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம். நாங்கள் முதல் நாள் ஆளுக்கு 2,000 பாட் என்று மூன்று முறை எடுத்து 660 பாட் வீணாக்கினோம். எடுப்பதானால் ஒரே தடவையாகப் பெரிய தொகையாக எடுங்கள். நடுவில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுக் கழிக்கட்டுமா" என்ற பொருளில் திரையில் ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் அந்த இயந்திரம் சொல்லும் விகிதம்தான், அது எப்போதும் நமக்குப் பாதகம். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் பாட்டிலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

3. வண்டி: ஏறும் முன் பேசுங்கள்

விமான நிலையம் தீவின் வடக்கில் இருக்கிறது, பாதோங்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேற்குக் கடற்கரை வழியாகப் போகும் ஸ்மார்ட் பஸ்ஸில் ஆளுக்கு 100 பாட். பெட்டிகள் குறைவாக இருந்தால் அதுவே நல்லது. மினி வேனில் வந்தால் பாதி வழியில் ஒரு டூர் அலுவலகத்தில் நிறுத்தி, எந்த ஓட்டல், நாளை எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஓட்டல் பெயரை மட்டும் சொல்லுங்கள். அங்கே எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஊருக்குள் ஓடும் துக்துக் நான்கு சக்கர வண்டி, மீட்டர் கிடையாது. நடந்தால் பதினைந்து நிமிடம் ஆகும் தூரத்துக்கு 200 முதல் 300 பாட் கேட்பார்கள். ஏறும் முன் தொகையைச் சொல்லி, "மொத்த வண்டிக்கும்" என்று கையால் வட்டம் போட்டுக் காட்டி உறுதி செய்யுங்கள். எங்களிடம் "நூறு" என்றார் ஒருவர். இறங்கும்போது அது ஆளுக்கு நூறு ஆகி, அறுநூறு பாட் கொடுத்தோம். கிராப், போல்ட் செயலிகள் இங்கே வேலை செய்யும். துக்துக் நிறுத்தத்துக்கு முன்னாலேயே நின்று கூப்பிட்டால் ஓட்டுநர்கள் வரத் தயங்குவார்கள், கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கூப்பிடுங்கள்.

ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 250 பாட் அளவில் கிடைக்கும். இரு சக்கர வண்டிக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். பாதோங்கிலிருந்து வெளியே ஏறும் மலைப்பாதை செங்குத்தானது. பாஸ்போர்ட்டை அடமானமாக வைக்கச் சொல்லும் கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

4. கடல் உணவு: "கீட்" என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள்

எங்களுக்கு அதிகம் செலவு வைத்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஓர் உணவகம். வாசலில் ஐஸ் மேல் மீன், இறால், நண்டு எல்லாம் அழகாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சின்ன அட்டை குத்தியிருந்தார்கள். சங்கரா மாதிரி சிவப்பு மீன் ஒன்றின் மேல் 220 என்று இருந்தது. கிலோ 220 பாட் என்று நினைத்துக்கொண்டோம். மீனைத் தராசில் போட்டுக் காட்டினார்கள், 1.4 கிலோ. மனக்கணக்கில் 308 பாட் வந்தது. சாப்பிட்டு முடித்தபின் வந்த பில்லில் மீனுக்கு மட்டும் 3,080. அட்டையை மறுபடி போய்ப் பார்த்தேன். 220-க்குக் கீழே பொடி எழுத்தில் 100 கிராம் என்று இருந்தது. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 7 சதவீதம் வரி. ஒரு மீன் 3,625 பாட்டில் முடிந்தது.

நூறு கிராமை அங்கே "கீட்" என்கிறார்கள். சந்தையிலும் உணவகத்திலும் கடல் உணவுக்கு விலை பெரும்பாலும் கீட் கணக்கில்தான். ஆகவே அட்டையில் இருப்பதைப் பத்தால் பெருக்கிக் கிலோ விலையாக மாற்றிப் பாருங்கள். "கிலோ லா தாவ் ராய்?" என்றால் "கிலோ எவ்வளவு?" என்று அர்த்தம். பதில் புரியாவிட்டால் கவலை வேண்டாம், கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள். தராசில் போட்ட பிறகு, சமைக்கக் கொடுக்கும் முன், மொத்தத் தொகையை அதே கால்குலேட்டரில் தட்டச் சொல்லுங்கள். சட்டியில் போட்ட பிறகு பேரம் கிடையாது.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. 1,000 பாட் என்று எழுதியிருப்பது 1,177 ஆகும். ஆறு பேர் சாப்பிடும்போது இது சின்னத் தொகை இல்லை.

அப்புறம் நாங்கள் கண்டுபிடித்த இடம் ஜங்சிலோன் மாலுக்குப் பின்னால் இருக்கும் பன்சான் சந்தை. கீழ்த் தளத்தில் மீன், இறால், காய், பழம். வாங்கியதை மாடிக்குக் கொண்டுபோனால் சமைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. சமையல் கூலியையும் எடைக்கா, தட்டுக்கா என்று முதலிலேயே கேளுங்கள். மீன்கார அம்மா ஒருவர் அக்கா கையில் ஓர் இறாலைத் தூக்கிக் கொடுத்துத் தலையைப் பிதுக்கிப் பார்க்கச் சொன்னார். தலை உடம்போடு இறுக்கமாக நின்றது. நம் ஊர்ச் சந்தையில் அக்கா செய்யும் அதே சோதனை. மொழி தெரியாமலே இருவரும் அரைமணி நேரம் பேரம் பேசினார்கள். அன்று ஆறு பேரும் வயிறாரச் சாப்பிட்ட செலவு, முதல் நாள் அந்த ஒரு மீனுக்கான செலவை எட்டவில்லை. மாலையில் சந்தைக்கு முன்னால் தெருக்கடைகள் போடுவார்கள். வாழைப்பழம் வைத்துச் சுட்டு, மேலே கெட்டிப்பால் ஊற்றித் தரும் ரொட்டியை மகள் தினமும் கேட்டாள். அந்த ரொட்டியை வீசும் விதத்தைப் பார்த்தால் நம் பரோட்டா மாஸ்டரைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

5. சைவம் சாப்பிடுபவர்களுக்கு

"காய்கறி மட்டும்" என்று சொன்னால் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாறு ஊற்றி வரும். இங்கே உப்புக்குப் பதில் கை போவது மீன் சாறுக்கு. வள்ளைக்கீரை வதக்கல் பார்க்க நம் வீட்டுக் கீரை மாதிரி இருக்கும், பெரும்பாலும் அதில் சிப்பிச் சாறு சேர்ந்திருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால், பல குழம்பு விழுதுகளில் இறால் விழுது. சொல்ல வேண்டியவை இவை:

"கின் ஜே": நான் சைவம் சாப்பிடுகிறேன்.
"மய் சய் நாம் ப்லா": மீன் சாறு வேண்டாம்.
"மய் சய் நாம் மன் ஹோய்": சிப்பிச் சாறு வேண்டாம்.

"ஜே" என்பது வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடுமையான சைவம். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் எழுதிய கடையைக் கண்டால் தைரியமாக உள்ளே போகலாம். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அதாவது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில், புக்கெட்டில் சைவத் திருவிழா நடக்கும். அந்த நாள்களில் போனால் தெருவெங்கும் மஞ்சள் கொடிதான்.

அம்மாவுக்குப் பிடித்தது தேங்காய்ப்பால் சேர்த்த தொம் கா சூப், மீன் சாறும் கோழியும் இல்லாமல், காளான் போட்டது. பேரரத்தை வாசனை வந்ததும் "இது நம்ம மருந்துக்கடைச் சரக்கு" என்று கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார். பாதோங்கில் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் வட இந்தியச் சமையல், விலையும் அதிகம். இட்லி தோசையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஹலால் கடைகளுக்குப் பஞ்சமில்லை. செவன் இலெவன் கடையில் சூடாக்கித் தரும் ரொட்டி வகைகளில் பலவற்றில் பன்றி இறைச்சி உண்டு. பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்த்தே எடுங்கள்.

காரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். "மய் பேத்" என்றால் காரம் வேண்டாம். அங்குள்ள ஊசிமிளகாய் நம் நாக்கையும் அசைத்துவிடும்.

6. கடைவீதி: எதை எங்கே வாங்குவது

மாலில் பேரம் கிடையாது. தெருக்கடையில் பேரம் பேசாமல் வாங்கக்கூடாது. யானைப் படம் போட்ட பேன்ட்டுக்கு 250 சொன்னார்கள். மூன்றாக எடுத்தபோது மூன்றும் 400-க்கு வந்தது. குரலை உயர்த்தாமல் சிரித்துக்கொண்டே கேளுங்கள், கோபத்தைக் காட்டினால் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

காய்ந்த மாம்பழம், தைலம், சோப்பு, குழந்தைகளுக்கான தின்பண்டம் எல்லாம் கடற்கரைக் கடைகளைவிட ஜங்சிலோனுக்குள் இருக்கும் பிக் சி கடையில் மலிவு. ஊருக்குக் கொண்டுபோகும் பரிசுப் பொருள்களை அங்கேயே முடித்துவிடுங்கள். பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பை தரமாட்டார்கள், ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் கடைக்காரர்கள் தெருவில் நின்று "நமஸ்தே" என்று கையைப் பிடிப்பார்கள். கோட்டு தைக்க ஆசை இருந்தால் வந்த முதல் நாளே அளவு கொடுங்கள். "இருபத்து நான்கு மணி நேரத்தில் ரெடி" என்பதை நம்ப வேண்டாம். இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு மூன்று நாளாவது தேவை. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், துணியின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஞாயிறு மாலை நீங்கள் அங்கே இருந்தால் புக்கெட் பழைய நகரத்தில் தாலாங் சாலை நடைச் சந்தையை விடாதீர்கள். நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை. பாதோங்கைவிட விலை குறைவு, கைவினைப் பொருளும் தரம். போகும்போது நீல நிற சொங்தேவ் வண்டியில் (பலர் சேர்ந்து போகும் பொது வண்டி) போகலாம். சாயங்காலத்துக்குப் பிறகு அது ஓடாது, திரும்புவதற்குச் செயலியில்தான் வண்டி பிடிக்க வேண்டும்.

ரத்தினக்கல்லை "இன்று மட்டும் அரசு தள்ளுபடி" என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். பெரிய புத்தர் சிலையை அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது.

7. வரித் திருப்பம் (கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது): மூன்று இடத்தில் மூன்று வேலை

விலையில் 7 சதவீத வரி அடங்கியிருக்கிறது. ஒரே கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கினால் அதில் ஒரு பகுதி சுற்றுலாப் பயணிக்குத் திரும்பக் கிடைக்கும். வாங்கிய 60 நாளுக்குள் விமானத்தில் வெளியேற வேண்டும்.

முதல் வேலை கடையில். வரித் திருப்பப் பலகை உள்ள கடையாக இருக்க வேண்டும். வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டைக் காட்டி, பி.பி.10 என்ற மஞ்சள் படிவம் வாங்க வேண்டும். மறுநாள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள். ஆகவே கடைக்குப் போகும்போது அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது வேலை விமான நிலையத்தில், பெட்டியை எடைக்குப் போடும் முன். சுங்க மேசையில் படிவத்தையும் பொருளையும் காட்டி முத்திரை வாங்குங்கள். இங்கேதான் மாமா மாட்டிக்கொண்டார். கடிகாரமும் காலணியுமாக 26,000 பாட்டுக்கு வாங்கியிருந்தார். வரிசை நீளமாக இருக்கிறதே என்று பெட்டிகளை முதலில் போட்டுவிட்டோம். பொருள் பெட்டிக்குள் போய்விட்டது, முத்திரை இல்லை, திரும்ப வர வேண்டிய 1,500 பாட் அளவு பணமும் போயிற்று. வாங்கியது சிறிய தொகைதான், முத்திரை தேவையில்லை என்று யாராவது சொன்னாலும் அந்த மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பெட்டியைப் போடுங்கள்.

மூன்றாவது வேலை குடிவரவு முடிந்து உள்ளே போனபின். திருப்பக் கவுன்டரில் பணமாக வாங்கலாம், கட்டணம் கழித்துக்கொண்டு தருவார்கள். நகை, கடிகாரம் போன்ற விலை உயர்ந்தவற்றை இங்கேயும் பார்க்கக் கேட்கலாம், அதனால் கைப்பையிலேயே இருக்கட்டும். இதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள்.

8. இரவு: பங்லா சாலை

கடற்கரைச் சாலைக்கும் ஜங்சிலோன் மாலுக்கும் நடுவே சுமார் 400 மீட்டர் நீளும் தெரு. மாலையில் வண்டிகளை நிறுத்தி நடைபாதையாக்கிவிடுவார்கள். குடும்பத்தோடு பார்க்க ஏழு முதல் ஒன்பது மணி வரை சரியான நேரம். பத்துக்கு மேல் கூட்டமும் சத்தமும் வேறு மாதிரி ஆகிவிடும், பிள்ளைகளுக்கு வேண்டாம். 2023 டிசம்பர் முதல் புக்கெட்டின் கேளிக்கை விடுதிகள் அதிகாலை 4 மணி வரை திறந்திருக்கலாம்.

மது வாங்கவும் விடுதிக்குள் போகவும் 20 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாளம் கேட்பார்கள். கடைகளில் காலை 11 மணிக்கு முன்பும் நள்ளிரவுக்குப் பிறகும் மது விற்கமாட்டார்கள். முக்கியமான பௌத்தப் பண்டிகை நாள்களிலும் கட்டுப்பாடு உண்டு.

பாரில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சீட்டு எழுதி மேசையில் உள்ள சின்னக் குவளையில் செருகுவார்கள். சீட்டு வரும்போதே பாருங்கள், கடைசியில் எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். பாருக்கு நடுவில் தொங்கும் மணியை யாரும் ஆசைப்பட்டு அடிக்கக்கூடாது. அடித்தவர் அங்கே இருக்கும் எல்லோருக்கும் மது வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். கூட உட்காரும் பெண்ணுக்கு வாங்கும் பானத்துக்கு விலை வேறு, அதையும் கேட்டுவிட்டே சரி சொல்லுங்கள். படம் போட்ட அட்டையை நீட்டி "ஷோ இலவசம்" என்று அழைப்பவர்கள் பின்னால் போகாதீர்கள். உள்ளே போனபின் பானத்தின் பெயரில் ஆயிரக்கணக்கில் பில் வரும், வாசலில் ஆள் நிற்பார்.

அலங்கார உடையில் நிற்பவர்களோடு படம் எடுத்தால் ஆளுக்கு 100 பாட் கேட்பார்கள். நான்கு பேர் சுற்றி நின்றால் 400. தேவாங்கு போன்ற விலங்கைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது சட்டவிரோதம், அந்தப் பிராணிக்கும் சித்திரவதை. அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் போனில் படம் பிடிக்கும் நம் ஊர்க் கூட்டங்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள்.

இ-சிகரெட் தாய்லாந்தில் தடை, பையில் வைத்திருந்தாலே பிரச்சினை. கடற்கரை மணலில் புகை பிடித்தால் அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். கஞ்சாக் கடைப் பலகைகள் கண்ணில் படும். அதில் ஒரு துணுக்கைக்கூட ஊருக்குக் கொண்டுவந்தால் நம் விமான நிலையத்தில் வழக்குதான்.

சண்டை, மிரட்டல், பில் தகராறு எதுவானாலும் சுற்றுலா காவல் எண் 1155. போனில் சேமித்து வையுங்கள். பில் தகராறு ஒன்றில் பக்கத்து மேசைக்காரர் அந்த எண்ணைத் திரையில் காட்டியதுமே தொகை குறைந்ததைப் பார்த்தேன்.

9. கிளம்பும் நாள்

பாதோங் மலைச் சாலையில் மாலை நெரிசல் அதிகம். விமானம் இரவு என்றால் ஓட்டலிலிருந்து ஐந்து மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். துரியன் பழத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். தைலம், சாஸ் பாட்டில்கள் பெரிய பெட்டியில், படிவம் போட்ட பொருள்கள் கைப்பையில். மீந்த பாட் தாள்களை மாற்றிக்கொள்ளலாம், நாணயங்களை யாரும் வாங்கமாட்டார்கள். கிளம்பும் காலையில் எல்லோர் பையிலும் உள்ள சில்லறையை ஒன்றாகக் கொட்டி, செவன் இலெவனில் வழிக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிவிடுங்கள்.